கரிமூட்டை உதைத்த துவாய்

மச்சான், கரிமூட்டை விட்டுக்கொடுக்கவில்லை, படம் வந்துவிட்டது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், நீ வென்றுவிட்டாய்!

தபாலில் ஒரு வீடியோ கசெட் வந்தது. நம் குத்துச்சண்டை இணையப் பக்கத்தைக் கண்ட அமெரிக்கக்காரர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். உறையைக் கிழித்ததும் பிளாஸ்டிக் வாசம். அப்படியே உன் அறை வாசம். கசெட்டுகளுக்கு நடுவில்தானே நீ படுப்பாய்.

பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கரிமூட்டை என்பது நாம் வைத்த பட்டப்பெயர். துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவன், இந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன் ஆனான். தன்னைவிட ஒரு தலை உயரமானவனை விழுத்திப் பட்டம் எடுத்தான். கப்பலேறி ஊர் ஊராகப் போய் அதைக் காத்தான். கடைசிச் சண்டையில் அவன் பக்கத்து ஆள் ரிங்குக்குள் துவாயை, வியர்வை துடைக்கும் துண்டை, எறிந்தான். துவாய் விழுந்தால் தோல்வி. எறியச் சொன்னதே கரிமூட்டைதான் என்று நூலகப் புத்தகத்தில் இருந்தது. நானும் நம் பக்கத்தில் அப்படியே தட்டினேன். நீ கதிரையிலிருந்து பாய்ந்தாய்.

"விசரா, அழி அதை! அவன் கேட்டிருக்க மாட்டான்."

"புத்தகத்தில கிடக்குதடா."

"எழுதினவன் ரிங்குக்குள்ள நிண்டவனே?"

"நீ நிண்டனியோ?"

"சரி, பந்தயம். தோக்கிறவன் ஏவன்டேல் சந்தைக்கு நடுவில நிண்டு, வெண்டவன் சொன்னதைக் கத்தவேணும்."

அந்த நேரம் பார்த்து உன் அம்மா போனை எடுக்க, அதே கம்பியில் ஓடிய இணைய இணைப்பு அறுந்து, நான் எழுதியதெல்லாம் போயிற்று. நீ துள்ளிச் சிரித்தாய். "பாத்தியே, அம்மாவும் என்ர பக்கம்!"

அந்தச் சண்டையின் படம் கிடைக்கும்வரை அந்த வரியை வெறுமையாகவே விட்டோம். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உன் முதல் கேள்வி அதுதான்.

"படம் வந்ததோ?"

"இல்லையடா."

"வரும். நீ தொண்டையைத் தயார்ப்படுத்து."

போன குளிர்காலம் நீ போனாய். படம் வந்திருக்கவில்லை.

இப்போது வந்த கசெட்டோ என் பிளேயரில் வெறும் கோடுகளாக உருண்டது. அமெரிக்கக் கசெட்டுக்கு வேறு பிளேயர் வேண்டுமாம். தமிழ்ப்படக் கசெட் வாடகைக்கு விடும் மதுரைக்கார அண்ணனிடம் ஓடினேன்.

"என்னப்பா, சண்டைப் படமா? பாட்டு இருக்கா?"

"பாட்டு இல்லை அண்ணே, துவாய் இருக்கு."

படம் நடுங்கியது. கரிமூட்டையின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஆனால் நிற்கிறான் மச்சான், குத்துகிறான்! முதுகுக்குப் பின்னால் துவாய் வந்து விழுகிறது. திரும்பிப் பார்க்கிறான். எட்டி ஓர் உதை! துவாய் பறந்து, எறிந்தவன் முகத்திலேயே போய் விழுகிறது. நடுவர் கரிமூட்டையைக் கட்டிப்பிடிக்கிறார், அவன் திமிறுகிறான்.

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். "அப்படிப் போடு! ரீவைண்ட் பண்ணுப்பா, ரீவைண்ட் பண்ணு!"

கசெட் தேயும்வரை பார்த்தோம். நேரே உன் வீட்டுக்குப் போய் அந்த வெறும் வரியை நிரப்பினேன்: "துவாயை உதைத்தான்." உன் அம்மா வாசித்துவிட்டு, "அவன் அப்பவே சொன்னவனெல்லோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. படம் ஒன்றையும் காணாமலே நீ அவனை நம்பினாய். அந்தப் பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன், சரியா?

பந்தயம் பந்தயம்தான். வாசிப்பவர்களே, வரும் ஞாயிறு காலை ஏவன்டேல் சந்தையில், கீரைக்காரர்கள் பக்கம் நிற்பேன். வாருங்கள். வர முடியாதவர்கள் இந்தப் பக்கத்தின் விருந்தினர் புத்தகத்தில் பெரிதாக எழுதுங்கள். என் ஒரு தொண்டை என் மச்சானுக்குக் கேட்காது; அவன் சொல்லிவைத்ததை எல்லோருமாகக் கத்துவோம்: "கரிமூட்டை விடேல்லை!"