சுண்ணாம்பு வெந்த இடம்

3-4-86
காலையிலிருந்து கரண்ட் இல்லை. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ் டாக்டரம்மா வந்திருக்கிறார், புகையிலை போடுகிறவர்களின் வாயைப் பார்க்கிறார் என்று எதிர்வீட்டு மீனம்பாள் சொன்னாள். ஸ்டவ் ரிப்பேர் செய்யும் தன் கடையிலிருந்து இவரைக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இவர் புகையிலையோடு வெற்றிலையை அடக்கிவைக்கும் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக இருக்கிறது. "சுண்ணாம்பு வெந்ததும்மா" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். வெற்றிலை போடுகிற எல்லோரும் சொல்வதுதான்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். வாயில் புற்று முற்றுவதற்கு முன்பே உடம்பின் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் மாறுகிறதா என்று ஆராய்ச்சியாம். கன்னத்தில் துளி சதையும் கேட்டார். "ரத்தம் எவ்ளோ வேணா எடுத்துக்கங்க. கத்தி பட்டா பரவிடும்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

26-4-86
டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ரத்தத்தில் அந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு கூடியிருக்கிறதாம், புற்றாக இருக்கலாமாம். "இதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது பாய். சதை எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயம்."

வீட்டுக்கு வந்து இவர் குதித்தார். "அவங்களே நிச்சயமில்லன்றாங்க. அதுக்கு நான் வாய அறுத்துக்கணுமா? நோன்பு வருது. முடியட்டும், பாக்கலாம்."

நான் சோறு போட்டேன். சாப்பிட்டார். வேறென்ன எழுதுவது?

21-5-86
நோன்பு. பகலில் வெற்றிலை இல்லை, காரம் இல்லை. அதனால் எரிச்சல் இல்லை. "பாத்தியா மெஹராஜ், ஆறிடுச்சு. ரத்தத்துல இன்னாத்த பாத்தாங்களோ!" டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை அப்படியே இருக்கிறது. சொன்னேன். "இருந்துட்டுப் போவுது" என்றார். வாய்க்கு லீவு விட்டா எரியுமா? இது ஏன் இந்த மனுஷனுக்குப் புரியல — கத்தத் தோன்றியது. டார்ச்சை அணைத்தேன்.

10-6-86
நேற்று பெருநாள். தொழுகை முடிந்து வந்ததும் முதலில் வெற்றிலைதான். டாக்டரம்மாவிடம் போகலாமா என்றேன். "நல்லா இருக்குறவன இழுத்துக்கினு போவியா?"

18-8-86
வெள்ளைக்கு நடுவில் கட்டி, கல் மாதிரி. காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு "வா, போலாம்" என்றார். மெட்ராஸ் போனோம். சதை எடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்கா பயந்தேன்?"

27-8-86
புற்றுதான். கழுத்துக்கும் இறங்கிவிட்டது. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

4-12-86
டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். ஆராய்ச்சிக்கு இன்னொரு தடவை ரத்தம் வேண்டுமாம். இவர் கையை நீட்டி ஏதோ சொன்னார். ஆபரேஷனில் தாடையை எடுத்த பிறகு இவர் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்குகிறது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"சதையும் வேணும்னா எடுத்துக்கங்கன்றாரு" என்றேன்.

டாக்டரம்மா இவர் கையில் ரப்பரைக் கட்டினார். நான் கஞ்சி வடிகட்டப் போனேன்.