கறுப்பாய் அடித்திருந்த எண்கள்

மச்சாள்,

போன கிழமை ஒரு காலை குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பப்பாசி இலை இடிக்கிற மணம் வந்தது. யன்னலைச் சாத்தினேன். சாத்தியும் போகவில்லை. அந்தக் கைப்பு மூக்கில் ஏறினால் பிறகு சோற்றிலும் அதுதான், சவர்க்காரத்திலும் அதுதான். உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து எனக்கு இப்படித்தான்.

இடித்தது உங்கள் மருமகள். காய்ச்சல் உங்கள் மகனுக்கு.

எங்கள் ஊரில் மாரி தொடங்கினால் காய்ச்சல் என்பதெல்லாம் டெங்குதான். லிங்கநகரில் ஒரு வீட்டில் ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்தால், வாசல் படலையில் நின்றபடியே மீன் விலை கேட்பதுபோல், இரத்தத்தில் பிளேட்லட் எத்தனை என்று கேட்பார்கள். அது இறங்கினால் ஓட்டம், இறங்காவிட்டால் கொண்டாட்டம். வேறு ஒன்றும் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

உங்களுக்கு வந்தது வேறு. மூக்கால் வடிந்து, தொண்டை கட்டி, பிறகு நெஞ்சுக்குள் இறங்கிய வைரசுக் காய்ச்சல். கொரோனா முடிந்ததென்று எல்லோரும் முகக்கவசத்தை எறிந்துவிட்ட காலம் அது. நெஞ்சு என்ற சொல்லை எடுக்கவே ஆட்களுக்குப் பயம். டெங்கு என்றால் பழகின பேய்தானே.

நான் வந்தபோது நீங்கள் விறாந்தைக் கதிரையில் இரண்டு தலையணைக்கு நடுவில் இருந்தீர்கள். உங்கள் மகன் இரத்தம் சோதித்த லாப்பிலிருந்து வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தமுதலே தாளை ஆட்டினான். டெங்கு இல்லையாம், பிளேட்லட் நல்லாய் நிற்கிறதாம். வீடே சிரித்தது. தாளைப் படம் பிடித்துக் கனடாவிலிருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வாழ்த்து வந்தது. பூப் படமும் கும்பிடுகிற கைப் படமும். மூச்சு வாங்குகிற மனுசிக்குப் பூப் படம். சீ!

நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

"ரிசல்ட்... வந்திட்டுதாம் மச்சாள். நான்... பாஸாம்."

அந்தச் சின்னப் பகிடிக்கு நடுவில் இரண்டு தரம் மூச்சு எடுத்தீர்கள். எல்லோரும் பகிடிக்குச் சிரித்தார்கள்.

பிறகு தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்து மகனிடம் கேட்டீர்கள்: "இந்த ரெண்டு எண்ணுக்கும் பக்கத்தில ஏன் கறுப்பாய் அடிச்சிருக்கு?"

"அது ஒண்டுமில்லை அம்மா, காய்ச்சலெண்டா எல்லாருக்கும் அப்பிடித்தான். நீங்கள் சாறைக் குடியுங்கோ."

டெங்கு இல்லை என்று அவனே சொன்ன பிறகும் டெங்குக்குக் குடிக்கிற அந்தப் பப்பாசி இலைச் சாறு! கட்டைபறிச்சானிலிருந்து உங்கள் ஒன்றுவிட்ட தங்கை ஒரு கட்டு இலையோடு வந்திருந்தா. கொண்டுவந்ததை வீணாக்கக் கூடாதாம். நாடியைப் பிடித்து வாயில் ஊற்றினார்கள். நீங்கள் இருமினீர்கள். பச்சைத் தண்ணீர் கடைவாயால் வழிந்து, நான் தைத்துத் தந்த வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஊர்க் கதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்ன வாய் அது.

மறுநாள் உங்கள் உதடு நீலமான பிறகுதான் ஆசுபத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் டொக்டர் பழைய தாளில் அந்தக் கறுப்பெழுத்துகளில் விரலை வைத்தார். "இதை வச்சுக்கொண்டோ வீட்டில இருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் செத்தவீட்டில் திறந்தார்கள். பிளேட்லட் நல்லாய்த்தான் இருந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபடியால்தான் ஆள் முடிந்தது என்று பந்தலுக்குள்ளிருந்து சொன்னார்கள், சோடாவும் குடித்துக்கொண்டு. எனக்கு அந்தப் பந்தலில் துப்ப வேண்டும் போலிருந்தது. உங்கள் முகத்துக்காக விழுங்கினேன்.

என் பேத்தி தர்ஷி இப்போது இரத்தம் சோதிக்கிற படிப்புப் படிக்கிறாள், தெரியுமோ? ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட என் வயிற்று வழியில் வந்தவள், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுவேன், வெட்கமில்லை. அவள்தான் நான் எடுத்துவைத்திருந்த உங்கள் தாளைப் பார்த்து அந்தக் கறுப்பெழுத்துகளை எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒன்று சி.ஆர்.பி. உடம்புக்குள் நெருப்பு எவ்வளவு எரிகிறது என்று சொல்வதாம். உங்களுக்கு அது கூரைக்கு ஏறியிருந்தது. மற்றது லிம்போசைட், இரத்தத்தில் வைரசோடு சண்டை பிடிக்கிற வெண்குழியங்கள். அது அடியில் கிடந்தது. நெஞ்சில் வைரஸ் இருக்கும்போது ஒன்று ஏறி மற்றது இறங்கினால் நோய் கடுமையாகப் போகலாமாம். ஆனால் ஒரு தாளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது, திரும்பவும் இரத்தம் எடுக்க வேணும், மூச்சையும் பார்க்க வேணும் என்றாள்.

"எண்ணை மட்டும் பாத்தா ஆளைத் தெரியாது அம்மம்மா," என்றாள். அதைக் கேட்டபோது அந்தப் பூப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, போன கிழமைக்கு வருகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வேலிப் பொட்டுக்குள் குனிந்து நுழைந்து போனேன். உங்கள் மகன் அதே விறாந்தையில், அதே கதிரையில். கையில் பச்சைச் சாற்றுக் கிளாஸ். மருமகள் சிரித்த முகத்தோடு தாளை நீட்டினா. "பிளேட்லட் நல்லாயிருக்கு மாமி, பயப்பிட ஒண்டுமில்லை."

அவனுடைய தோள் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கிளாஸைப் பறித்து முற்றத்தில் ஊற்றினேன். அவனுக்கு முகம் சிவந்தது. வாயைத் திறக்குமுன் தாளை அவன் மடியில் போட்டேன்.

"தம்பி, கொம்மா இந்தக் கதிரையில இருந்து தாளைப் பாத்து உன்னட்ட என்ன கேட்டவ? சொல்லு பாப்பம்."

மறக்கவில்லை அவன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பக்கத்தில... ஏன்..." மூச்சு எடுத்தான். "ஏன் கறுப்பாய்..."

முடிக்க ஏலவில்லை. மூச்சா அழுகையா, நான் விசாரிக்கவில்லை. படலைக்கு ஓடிப்போய் ஓட்டோவை மறித்தேன்.

இப்போது ஆசுபத்திரி வாட்டில் இருக்கிறான். மூக்கில் ஒட்சிசன் குழாய் போட்டிருந்தார்கள், நேற்றுக் கழற்றிவிட்டார்கள். இரண்டாம் தரம் எடுத்த இரத்தத்தில் ஏறியிருந்த சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கியிருக்கிறதாம். மருமகள் போன் எடுத்து அதைச் சொல்லிவிட்டு, "பிளேட்லட்டும் நல்லாயிருக்காம் மாமி" என்று சேர்த்துக்கொண்டா. நான் போனை வைத்துவிட்டேன்.

அவன் வீட்டுக்கு வருவான் மச்சாள். கஞ்சி வைத்துக் கொடுப்பேன். மன்னிப்பேனா என்று கேட்காதீர்கள், அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ஆனால் எந்த வீட்டில் எவர் தாளை நீட்டினாலும் கேட்கிறேன். பிளேட்லட்டை அல்ல. முதலில் ஆளைக் கதைக்கவிட்டு மூச்சைப் பார்க்கிறேன். பிறகு, உங்களைப்போலவே தாளைக் கிட்டவும் தூரவும் பிடித்து, பக்கத்தில் ஏன் கறுப்பாய் அடித்திருக்கு என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்பார்கள். சொல்லத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஆளைக் கொண்டுபோகும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.