கங்காணியம்மா கடைசியில் பேசட்டும்

அக்கா,

இன்று காலை தொழிற்சங்கக் காரியாலயத்திலிருந்து, ரோணியோ மெஷினில் பிரதி அடித்த கையேடு ஒன்று வந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை, அறை முழுக்க அதன் எண்ணெய் வாசனை. கூட்டம் நடத்தப் பழகுகிறவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு அது. ‘சபையில் செல்வாக்கு உள்ளவரைக் கடைசியாகப் பேசவிடுக’ என்பது முதல் விதி. அட்டையில் தயாரித்தவர் என்று என் பெயர். அந்த விதி உங்களுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருக்கிறது அக்கா.

வஹகோட்டையில் மாதா கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு வைத்தேனே, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இருபது பெண்கள் வந்தீர்கள். மாதர் சங்கத் தலைவிகளாக ஆகப்போகிறவர்கள். மூன்று நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். நான் முதல் இரண்டு நாளும் கரும்பலகையை விட்டு நகரவில்லை. நிகழ்ச்சி நிரல், பிரேரணை, ஆமோதிப்பு என்று எழுதித் தள்ளினேன். உங்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கொழும்பில் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்த தலைக்கனம்.

மூன்றாம் நாள் ஒத்திகைக் கூட்டம், உங்கள் முறை. கைக்குழந்தைக்காரிகள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து, பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போக நேரம் போதவில்லை என்பதுதான் விஷயம். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னீர்கள். உங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மனைவியும் அதில் இருந்தார். எந்தக் கூட்டத்திலும் முதல் பேச்சு அவருக்குத்தான், அதுதான் வழக்கம். அவர் தொண்டையைச் செருமியதும் நீங்கள் கும்பிட்டு, “நீங்க கடைசியா பேசுங்கம்மா. நீங்க மொதல்ல சொல்லிட்டா இவளுக எல்லாம் ஆமாஞ்சாமி போட்டுட்டு எந்திரிச்சிருவாளுக” என்றீர்கள். பெண்கள் சிரித்தார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னப் பெண், “ஓடி வந்து சேர்றதுக்குள்ள பாலு சீலையிலயே வடிஞ்சிருதுங்க” என்று பேச ஆரம்பித்தாள்.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் மேசை மணியை அடித்தேன். கங்காணியம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு போனால் உங்கள் தோட்டத்தில் சங்கமே நிற்காது என்று பயந்துவிட்டேன். “இதுதான் நான் சொல்லிக்குடுத்த ஒழுங்கா? பெரியவங்கள மதிக்கத் தெரியாத ஆளு கூட்டம் நடத்த வந்துட்டீங்க” என்று அத்தனை பேர் முன்னிலையில் உங்களை உட்காரவைத்தேன். “சரிங்கய்யா” என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு கங்காணியம்மா பேசினார். “நேரமெல்லாம் போதும், இவளுகதான் ஆடி அசஞ்சு வர்றாளுக.” எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் ஆட்டினாள். ஒத்திகை திருப்தி என்று அறிக்கை எழுதினேன். உங்கள் பெயருக்கு நேரே, கூட்டம் நடத்தத் தகுதியில்லை என்று எழுதினேன். தலைவிப் பதவி கங்காணியம்மாவுக்குப் போயிற்று.

எனக்குப் புத்தி வர ஏழெட்டு வருடம் பிடித்தது. நான் பழக்கிய தலைவிகளின் கூட்டங்களுக்குப் போனால், ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருநாள், பார்ப்போமே என்று நாலந்தாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உங்கள் மாதிரியே செய்துபார்த்தேன். மண்டபமே வாயைத் திறந்தது. அதன் பிறகு கரும்பலகையை மூலையில் வைத்தேன், சொந்தப் பிரச்சினையை வைத்தே கூட்டம் நடத்திப் பழகவிட்டேன். இதை எங்கே படித்தீர்கள் என்று காரியாலயத்தில் கேட்டார்கள். அனுபவம்தான் என்றேன். உங்கள் லயத்து வீட்டுக்கு பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. ஒருநாளும் வந்து சொல்லவில்லை.

உங்கள் கருமாதிக்குத்தான் வந்தேன். மகள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். “அம்மா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாயே தொறக்காதுங்கய்யா. ஏம்மான்னு கேட்டா, எனக்குத் தகுதியில்லன்னு எழுதிட்டாங்கன்னு சொல்லும். யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

பெற்ற மகளிடம்கூட நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை.

“தெரியலையேம்மா” என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அலுவிகாரைச் சந்தியில் போய் நின்றேன். உங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் வந்தது, கொண்டக்டர் ஏறச் சொன்னான். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் அக்கா.