கொதிக்க வைத்த தண்ணீர்

அன்பு மகளே,

“சார், கொதிக்க வச்சா தண்ணியில இருக்கிற கெட்டதெல்லாம் போயிடுமா?” என்று என் வகுப்பில் ஒருநாள் கேட்டாய். அப்பாவை ‘சார்’ என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள். “எல்லாம் போயிடும்” என்றேன்.

நம் குழாய்த் தண்ணீரில் வயல் உரம் கலந்திருக்கிறதாம். சோதித்தவர் நேற்று வந்திருந்தார். “கொதிச்சா தண்ணிதான் சார் ஆவியாப் போகும், உரம் அப்படியே நிக்கும். கைக்குழந்தை குடிச்சா ரத்தத்துல பிராணவாயு குறைஞ்சு உடம்பு நீலமாகும்” என்றார்.

பேத்தியின் பால்பவுடருக்கு அந்தத் தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்க வைத்தது நான்தான். உதடு நீலமானபோது, குளிர் என்று போர்த்திவிட்டதும் நான்தான். அவள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில் நேற்று மாலை இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இன்று வீடு வீடாகப் போய், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். “நீங்கதானே சார் கொதிக்க வைக்கச் சொன்னீங்க?” என்று பழைய மாணவி ஒருத்தி சிரித்தபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை.

நீயும் என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்.

உன் அப்பா