பிரசவத்துக்கு நான் பார்த்த இடம்

5 அக்டோபர் 1961, வியாழன். சிதம்பரம்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கால் வீக்கம் பரவாயில்லை. எட்டாம் மாதம்.

மாமி பின்பக்க அறையைக் கழுவிவிடச் சொல்லிவிட்டார். அதே அறை. போன வருடம் என் மகன் பிறந்தும் அழாமல் போன அறை. அதே கயிற்றுக் கட்டில். வரப்போவதும் அதே மருத்துவச்சிதான்.

"அந்த ரூம் வேணாம் மாமி."

மாமி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "ரூம் என்னாடி பண்ணுச்சு? அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான். இதே ரூம்ல ஏழு பெத்தவ நான். எந்த டாக்டரும் என் நகத்தைக்கூடப் பார்த்ததில்ல."

ஏழில் மூன்றுதான் இருக்கிறது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாத்தனார் ஜைனப்பு முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, காது மட்டும் இந்தப் பக்கம். அவளுக்கும் மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது.

மச்சான், என் வீட்டுக்காரர், மேலவீதிக் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "இந்தத் தடவை எடத்த நான் பார்க்கறேன்."

"என்னா எடம்? வூடு வாங்கப் போறியா?"

"புள்ள பெக்க."

குடை வியாபாரி. மழைக்கால வானத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பெய்யுமா, விட்டுவிடுமா என்று. விடாது.

9 அக்டோபர், திங்கள்

வெயில். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பகலிலேயே கிளம்பினேன். மச்சான் பத்தடி முன்னால், நான் பின்னால். நகரசபைப் பிரசவ விடுதி. கேட்க வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். குழந்தை குறுக்கே கிடந்தால் யார் பார்ப்பது. ஆபரேஷன் உண்டா. எந்நேரமும் டாக்டர் இருப்பாரா.

நர்ஸம்மா நல்ல மாதிரி. தடவிப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் பேசினார். "சுகப்பிரசவம்னா இங்கயே வாம்மா, நான் பார்த்துக்கறேன். சிக்கல்னா கடலூருக்குத்தான் அனுப்புவோம். போன தடவ உனக்குச் சிக்கல். அதனால இப்பவே யோசிச்சுக்கோ."

உண்மையைச் சொன்னதற்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் மச்சான்: "நல்லாத்தான இருக்கு, இதே போதுமே."

போதாது.

சாயங்காலம் மாமி வைத்த மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி. என் பங்குக்கு மட்டுமோ என்னவோ.

12 அக்டோபர், வியாழன்

மச்சானுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர். கடைக்கு வருகிறவர். வீட்டு முன்பக்கத்தையே பிரசவத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். பளபளவென்று தரை, மின்விசிறி, ஃபினாயில் வாசனை.

நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பேச்செல்லாம் நின்றுகொண்டிருந்த மச்சானிடம்.

"மொதக் கொழந்த போச்சுன்னா பயம் இருக்கத்தான் செய்யும் சார். வீட்ல கொஞ்சம் தைரியம் சொல்லுங்க."

நான் கேட்டேன். "கொழந்த குறுக்கால இருந்தா ஆபரேஷன் இங்கயே பண்ணுவீங்களா டாக்டர்?"

அவர் மச்சானிடமே சிரித்தார். "இதெல்லாம் இவுங்களுக்கு எதுக்கு சார்?"

எழுந்துவிட்டேன். எழுவதற்கே நேரம் பிடித்தது, அத்தனை பெரிய வயிறு. ஆனாலும் எழுந்தேன்.

தெருவில் மச்சான்: "ஃபேன்லாம் இருக்கு பாரு."

"ஃபேனா புள்ள பெக்கப் போவுது?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை நாளில் என் பேச்சுக்கு அவர் சிரிப்பது அபூர்வம்.

16 அக்டோபர், திங்கள்

கடலூர் போய்வந்தேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. எழுதிவிட்டே படுக்க வேண்டும்.

ரயில். ஜன்னல் சீட். பரங்கிப்பேட்டை தாண்டும்போது உப்புக் காற்று. பெரிய ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். மீனவர் குப்பத்துப் பெண்கள், குமராட்சிப் பக்கத்திலிருந்து நாற்று நடும் பெண்கள், எல்லோரும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரே வரிசையில். பக்கத்தில் நின்றவளுக்கு இது ஐந்தாவது. "மொத ரெண்டும் வூட்ல, மீதியெல்லாம் இங்க. இங்க திட்டுவாங்க. திட்டினா என்னா, உசுரோட அனுப்புவாங்க."

டாக்டரம்மா குள்ளம். கண்ணுக்குக் கீழே கருவளையம். மச்சானை வெளியே நிற்கச் சொன்னார். என்னைப் படுக்கவைத்து, கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு வயிற்றில் வைத்தார்.

"போன தடவ என்னா ஆச்சு? நீ சொல்லும்மா."

சொன்னேன். எல்லாம். இரண்டு பகல் வலி. முதலில் கை வெளியே வந்தது. மருத்துவச்சி அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. மாமி வாசலில் யாசீன் ஓதியது. இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எல்லோரும் 'சபூர் செய், பொறுத்துக்கோ' என்றுதான் சொன்னார்கள். அவர் கேட்டார். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு: "இதுவும் குறுக்கதான் கெடக்கு. திரும்பலாம், இன்னும் நாள் இருக்கு. திரும்பலன்னா வயித்த அறுத்துத்தான் எடுக்கணும். வலி வந்தப்புறம் சிதம்பரத்துலேர்ந்து கெளம்பினா பிரயோஜனம் இல்ல. முன்னாடியே வந்து கடலூர்ல தங்கிக்கோ. எடம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

இடம் என்றால் செம்மண்டலத்தில் அத்தா வீடு. அம்மா கண்ணை மூடி மையத்தான பிறகு அத்தா மைமூனை நிக்காஹ் செய்துகொண்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அன்றிலிருந்து அந்த வாசலை நான் மிதித்ததில்லை. மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

சொன்னால் என்ன. மிதிப்பேன். என் ரோஷத்தைவிட இது பெரியது.

17 அக்டோபர், செவ்வாய். சிதம்பரம்

வீட்டில் ரகளை.

மாமி மருத்துவச்சியை வரவழைத்து உட்காரவைத்திருந்தார். அந்த அம்மாள் புடவைக்கு மேலேயே தடவிவிட்டு, "தல கீழதான் இருக்கு, ஒண்ணும் கவலையில்ல" என்றார்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்றேன்.

 ஜைனப்பு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

மாமி: "வயித்த அறுத்துக்கப் போறாளாம்! நம்ம குடும்பத்துல கேள்விப்பட்டதுண்டா? அவ அத்தா வூட்டுப் படி ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணவதான? வெக்கமா இல்ல?"

"இல்ல மாமி."

"போனீன்னா இந்தக் கதவு ஒனக்குத் தொறக்காது."

"வரும்போது நாங்க ரெண்டு பேரு வருவோம். தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்."

 பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அது கர்ப்பத்தால் இல்லை.

20 அக்டோபர், வெள்ளி. செம்மண்டலம்

வந்துவிட்டேன்.

காலை வெளிச்சத்தில், முன்வாசல் வழியாக, தெருவே பார்க்க. சிறிய டிரங்குப் பெட்டி, ஒரு குடை. மாமி அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வரேன் மாமி" என்று கதவிடம் சொன்னேன். ஜைனப்பு என் துப்பட்டி நுனியைச் சரிசெய்கிற சாக்கில் கையை அழுத்தினாள்.

ஸ்டேஷன்வரை மச்சான் பெட்டியைத் தூக்கிவந்தார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நின்றார்.

"ஊரு என்னா சொல்லும், யோசிச்சியா?"

"போன வருஷம் புள்ளயத் துணில சுத்தித் தூக்கிட்டுப் போனீங்களே, அப்ப ஊரு என்னா சொல்லுச்சு?"

 வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினார். இறங்குவார் என்று பார்த்தேன். என் எதிரில் உட்கார்ந்தார். கடலூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார். கடை இருப்பதால் மதியமே திரும்பிவிட்டார்.

அத்தா என் தலையைத் தொட்டுவிட்டுத் தன் மரக்கடைக்குப் போய்விட்டார். அவருக்கு என்னிடம் பேச்சு வராது. மைமூன் தன் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்தாள். சுக்குக் காபி. நான் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'இந்தாங்க' என்று தடுமாறினேன்.

அவளே சொன்னாள்: "என்னை ஒண்ணும் சொல்லிக் கூப்பிட வேணாம். வலி வந்தா மட்டும் கூப்பிடுங்க."

27 அக்டோபர், வெள்ளி

மழை, மழை, மழை. கெடிலத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று பால்காரர்.

டாக்டரம்மா கையாலேயே குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். வலியில் உயிர் போயிற்று. திரும்பியது. நான் உடுத்திக்கொண்டு எழுந்திருப்பதற்குள் பழையபடி குறுக்கே போய்விட்டது. "பிடிவாதம்" என்றார் டாக்டரம்மா. சிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை.

பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் உடனே வண்டி கட்டிவிடுவார்கள், பின்பக்க அறைக்கு.

மைமூன் கருவாடு வறுக்கிறாள். பசி.

7 நவம்பர், செவ்வாய். ஆஸ்பத்திரி

இன்றுதான் உட்கார முடிகிறது. நடந்ததை எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லத் தொடங்குவதற்குள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது. கொட்டுகிற மழை. அத்தா முதல் நாளே ஓ.டி.க்கு, கடலூர் பழைய டவுனுக்குப் போனவர், மரக்கடைக்குள் தண்ணீர் புகுந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். சிதம்பரத்துக்கு ஆள் அனுப்பவும் வழியில்லை. மைமூன் தெருவில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு குதிரை வண்டியை மறித்தாள். வண்டிக்காரர் மாட்டேன் என்றாராம். மைமூன் கடிவாளத்தை விடவில்லையாம்.

டாக்டரம்மா பார்த்தார். "உடனே அறுத்து எடுக்கணும்."

குமாஸ்தா ஒருவர் தாளோடு வந்தார். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். இல்லன்னா அப்பா கையெழுத்து. வரட்டும்."

"வர முடியாது. தண்ணி."

"அப்ப எப்படிம்மா? நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?"

வலி ஒன்று வந்து போனது. போனதும் சொன்னேன். "யாரு வயித்த அறுக்கப் போறீங்க? பேனாவைக் குடுங்க."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அவுங்க தெளிவாத்தான் இருக்காங்க. வாங்குங்க."

போட்டேன். முழுப் பெயர். கோணலாக வந்தது, ஆனால் என் பெயர்தான்.

சாட்சிக்கு ஒருவர். மைமூன் கட்டைவிரலை மையில் வைத்தாள். "பேஷண்டுக்கு என்னா உறவு?" என்று கேட்டார் குமாஸ்தா. அவள் என்னைப் பார்த்தாள். நனைந்த புடவை, சேறு படிந்த கால்.

"அம்மா" என்றேன்.

வலியில் சொன்னது என்று அவள் நினைத்துக்கொள்ளலாம். வலியில் சொல்லவில்லை.

அப்புறம் மூக்கில் மருந்து வாசனை. வேறொன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. யாருடையதோ என்று படுத்திருந்தேன். மைமூன் குனிந்து, "உங்களோடதுதான். பொண்ணு" என்றாள்.

அழட்டும். நன்றாக அழட்டும். யாரும் அதைச் சமாதானம் செய்யக்கூடாது என்று சொன்னேன். மயக்கத்தில் உளறுகிறேன் என்று நர்ஸ் நினைத்தார்.

தண்ணீர் வடிந்து சிதம்பரத்துக்குச் செய்தி போனதும், ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். முழுக்க நனைந்து. குடை வியாபாரி, குடை கொண்டுவர மறந்துவிட்டார். குழந்தையின் காதில் பாங்கு சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"நான் இங்க இருந்திருந்தா கையெழுத்து போட்டிருப்பேனான்னு தெரியல" என்றார்.

 எனக்கும் தெரியாது.

12 நவம்பர், ஞாயிறு

வெயில் நன்றாக அடிக்கிறது. தையல் பிரித்துவிட்டார்கள். சிரித்தால் இழுக்கிறது. பால் போதுமான அளவு.

மாமி வந்தார். வருவார் என்று நினைக்கவில்லை. மச்சானும் ஜைனப்பும் கூட. பிரசவ மருந்து, பூண்டு, நல்லெண்ணெய், ஒரு பெரிய பை. மைமூன் எழுந்து நாற்காலி போட்டாள். மாமி உட்கார்ந்து குழந்தையை வாங்கினார், கைகால் விரல்களை எல்லாம் பிரித்துப் பார்த்தார், நெற்றியில் ஓதி ஊதினார். முகம் இளகவில்லை. ஆனால் குழந்தையைத் திருப்பித் தரவும் இல்லை.

மெதுவாக, அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல்: "ஊர்ல யாராச்சும் கேட்டா சுகப்பிரசவம்னு சொல்லிடு. அறுத்து எடுத்ததுன்னு தெரிஞ்சா ஜைனப்புக்குப் பேசின எடத்துல நாலு விதமாப் பேசுவாங்க."

"சுகமாத்தான் இருக்கோம் மாமி. ஆனா அறுத்துத்தான் எடுத்தாங்க. கேட்டா அப்படித்தான் சொல்வேன்."

"ஒன் வாய்…" என்று ஆரம்பித்தார். குழந்தை முனகியது. நிறுத்திக்கொண்டார்.

மச்சான் பழம் வாங்குகிறேன் என்று நழுவினார். ஜைனப்பு கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். வந்ததிலிருந்து அவள் கண் என் வயிற்றுப் பக்கமே.

"மச்சி, அது எப்படி இருக்கும்? நான் பார்க்கலாமா?"

"ஏய்! கல்யாணம் ஆவாத பொண்ணு பார்க்கற சமாச்சாரமா அது? மூடுடி" என்றார் மாமி.

நான் போர்வையை விலக்கினேன். புடவையை இறக்கிக் காட்டினேன். தொப்புளிலிருந்து கீழே நேராக ஒரு கோடு, சிவப்பாக, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள்.

ஜைனப்பு குனிந்து பார்த்தாள். தொடாமல் விரலை அதன் மேலாகவே கொண்டுபோனாள். "ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சுது. இன்னும் வலிக்குது. நல்லாப் பாத்துக்கோ."

மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம். பிறகு, குழந்தையை மார்போடு அணைத்தபடி, அவரும் திரும்பிப் பார்த்தார்.

நான் மூடவில்லை.