உன் சித்தியின் காக்கிச் சட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதறேன். இங்க எல்லார் உடம்பும் ஒரு குறையும் இல்லாம இருக்கு, அங்க நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும். உடம்பைத்தான் சொன்னேன், மனசைப் பத்திக் கேக்காதே. உன் சித்தியை வீட்டுல வச்சுக்கிட்டு நிம்மதியையும் வச்சுக்க முடியுமா? அப்பாகிட்ட முறையிட்டா, அது அக்கா தங்கச்சி விவகாரம்னு பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கறார்.

நடந்ததைக் கேளு. சண்டைக் காலத்துல சித்தி ராணுவத்துல போட்டிருந்த காக்கி உடுப்பு பரண்ல கிடந்ததில்லையா, அதை இங்க மியூசியத்துல கேட்டாங்க. புதுசா வந்திருக்கற பொறுப்பாளர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிஞ்சவர். சண்டையில வேலை பார்த்த பெண்களுக்குன்னு தனியா ஒரு அறை வைக்கப்போறோம்னார். இவளும் மறுபேச்சு இல்லாம தூக்கிக் குடுத்துட்டா. இவ ஒரு விஷயத்துக்கு உடனே ஒத்துக்கிட்டாளேன்னு அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும், சுதாரிக்கல. பெருமையில தெரு பூரா சொல்லிட்டு வந்தேன், போதாததுக்கு உன் மாமியாரையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டுட்டேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்.

உள்ள போனா, துணிக்கடைப் பொம்மை ஒண்ணுக்கு உதட்டுச்சாயம் பூசி, சித்தியோட சட்டையை மாட்டி, கீழே யாரோடதோ பாவாடை, கையில கட்டுத்துணி. பக்கத்து அட்டையில ‘போர்க்கால நர்ஸ்’னு எழுதியிருந்தாங்க. சித்தி அதைப் படிச்சா. அப்புறம் குனிஞ்சு சட்டையோட கீழ் ஓரத்தைத் தடவினா. அங்க ஒரு பெரிய கிழிசல் இருந்துச்சு, அதை மியூசியத்துக்காரங்க தைச்சிருந்தாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம், எவ்வளவு நேர்த்தியா தைச்சிருக்காங்க பாருடின்னு சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான், தடுப்புக் கயித்தைத் தாண்டிப் போய்ப் பொம்மையோட பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சுட்டா! காவலாளி ஓடிவந்து தொடாதீங்கம்மான்னு கத்தறார், என் சட்டையை நான் தொடாம உங்க தாத்தாவா தொடுவார்னு இவ கேக்கறா. இழுத்த இழுப்புல பொம்மையோட கை கழண்டு வந்துடுச்சு, விழப்போன கையைப் பிடிச்சது யாருன்னு நினைக்கறே, உன் மாமியார்தான். அவங்க அந்தக் கையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு நின்ன நிலையைப் பார்த்து எனக்கு பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. இவ சட்டையை மடிச்சு என் பையில திணிச்சுட்டு நடையைக் கட்டிட்டா.

மறுநாள் அந்தப் பொறுப்பாளர் வீட்டுக்கே வந்தார், பாவம், நல்ல மனுஷன். மருத்துவப் பிரிவுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது, அதனால நர்ஸ்னு போட்டுட்டோம்னு மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரு கட்டு ஒழுங்காப் போடத் தெரியாது, நான் ஆம்புலன்ஸ் ஓட்டினவள்னு சொன்னா சித்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முகாம் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதற வேலைன்னுதானே எங்ககிட்ட சொல்லியிருந்தா, எங்கம்மா அதை நம்பியே கண்ணை மூடினாங்க.

அவர் கிளம்பறப்போ மழை, நம்ம கார்லயே கொண்டுபோய் விடறேன்னு இவ சாவியை எடுத்தா. அந்த மனுஷனைத் தனியா அனுப்ப பயந்து நானும் பின்சீட்டுல ஏறினேன். தெருவுல பாதி போகல, எதிர்ல தண்ணி லாரி. அவன் நகர மாட்டேங்கறான், ரெண்டு பக்கமும் ஸ்கூட்டர், திருப்ப இடமில்லை. இறங்கி நாலு வார்த்தை கேக்கலாம்னு நான் கதவுல கை வைக்கறேன், இவ சீட்டுமேல ஒரு கையைப் போட்டு, திரும்பிப் பார்த்துக்கிட்டே, விர்ருனு வந்த வழி முழுக்கப் பின்னாலயே ஓட்டிக் கொண்டுபோய் முனையில நிறுத்திட்டா. ஒரு கண்ணாடியில உரசலையே! நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டு முடிக்கல. இதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு அவர் மெல்லக் கேட்டார்.

இவ இன்ஜினைக்கூட நிறுத்தாம சொன்னா. குறுகலான சந்து, முன்னால சுட்டுக்கிட்டிருந்தாங்க, திருப்ப வழியில்லை. பின்னால அடிபட்டவங்க நாலு பேர், இடமில்லாம இன்னொருத்தனை முன்சீட்டுல சாய்ச்சு வச்சிருந்தாளாம். பாலம் வரைக்கும் பின்னாலயே ஓட்டியிருக்கா. அவன் இவ சட்டை ஓரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கான். ஆஸ்பத்திரியில இறக்கறப்போ அந்த விரல்களைப் பிரிக்க முடியாம சட்டையைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்களாம். பின்னால இருந்த நாலு பேரும் பிழைச்சாங்க. அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை சார், பின்னாடியே பார்த்துக்கிட்டிருந்தேன்னா. அந்தக் கிழிசலைத்தான் உங்க ஆளு தைச்சிருக்கார்னா.

எனக்கு அவளை ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு. ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ, இத்தனை வருஷம் கழிச்சு, முன்பின் தெரியாதவர்கிட்ட சொல்லி, அதை நான் பின்சீட்டுல உட்கார்ந்து தெரிஞ்சுக்கணுமா? வீட்டுக்கு வந்ததும் ஏன்டி எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பேன்னு கேட்டா. அழுதிருப்பேன்னேன். அதான் சொல்லலைன்னுட்டா. இது ஒரு பதிலா, நீயே சொல்லு. அப்புறம் என் நல்ல கத்திரிக்கோலைக் கேக்காம எடுத்துக்கிட்டு அடுப்படியில உட்கார்ந்து தையலைப் பிரிச்சா. நான் துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்.

இப்போ சட்டை கிழிசலோட மறுபடியும் மியூசியத்துல இருக்கு, கீழே கால்சட்டை, முகத்துல சாயம் இல்லை, அட்டையில ‘ஆம்புலன்ஸ் ஓட்டுநர்’. இவ போய்ப் பார்த்துட்டுத் தொப்பி கோணலா இருக்குன்னு குறை சொல்லிட்டு வந்தா.

நீ உன் மாமியாருக்குப் போன் பண்ணி அந்தக் கை விஷயத்தைப் பக்குவமா எடுத்துச் சொல்லு, மறந்துடாதே. ரெண்டு பேரும் நூறு வருஷம் சௌக்கியமா இருங்க. இன்னொண்ணு, நீ போன்ல எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொன்னா இனிமே நான் நம்பறதா இல்லை. அங்க என்ன கஷ்டம்னாலும் சொல்லு. அழுவேன்தான். அழுதா என்ன, முகத்தைக் கழுவிட்டு அடுத்து என்ன பண்ணணும்னு கேப்பேன்.

உன்மேல கோபத்தோடயும் ஆசையோடயும்,
அம்மா