செவலை ஏறாத பலகை

ரேஸ்கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
8.11.1962, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்மணி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஈப்போவில் மழை எப்படி? நீங்கள் ரயிலில் கூட்டிப்போன மூன்று குதிரைகளும் ஒழுங்காகத் தீனி எடுக்கின்றனவா? அஜீஸ் மாமாவுக்கு என் சலாம். மாமா, இந்தக் கடிதத்தை லாயத்தில் எல்லோர் நடுவிலும் வைத்துப் படிக்க வேண்டாம். அப்பாவுக்கு மட்டும், மெதுவாகப் படித்துக்காட்டுங்கள்.

ஈப்போ பந்தயத்துக்கு லாரியில் வரவேண்டிய செவலைக் குதிரை இன்னும் டிரெய்லரில் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பஸ் பிடித்து புக்கித் தீமா லாயத்துக்குப் போகிறேன். நீங்கள் சொன்னபடி வெல்லக்கட்டியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பேன். மருதப்பன் மாமா முன்னால் கயிற்றை இழுப்பார், இரண்டு பேர் பின்னால் தள்ளுவார்கள். செவலை ஏறும் பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்று காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை முன்னங்கால்களைத் தூக்கியேவிட்டது. லாரி ஓட்டும் அஸ்மத் அண்ணன், "பேசாம என்னைய ஏத்துங்க லா, ஈப்போவுல நானே ஓடிக் காட்டுறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் முதலாளி துரை சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை லாரி கிளம்பும்போது ஏறாவிட்டால், மிருக டாக்டரை அழைத்துச் சுட்டுவிடச் சொல்லப்போகிறாராம். ஏறாத குதிரையை விற்கவும் முடியாதாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. பாடம் எடுக்கும்போது கரும்பலகையில் பாதி வரி எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்பா, நான் ஒன்றைக் கவனித்தேன். திங்கட்கிழமையே கவனித்தேன், சொல்ல வாய் வரவில்லை. கண் பட்டிருக்கிறது என்று மருதப்பன் மாமா தினமும் அந்தப் பலகையின்மேல் சூடம் ஏற்றிவிட்டுத்தான் செவலையை அழைக்கிறார். கொட்டகையிலிருந்து அது நன்றாகத்தான் நடந்து வருகிறது. சூடத்தின் வாசம் மூக்கில் பட்ட இடத்தில் நின்றுவிடுகிறது.

ஆயுத பூஜையன்று இந்த டிரெய்லர் புதிதாக வந்தது நினைவிருக்கும். அதற்கு மாலை போட்டீர்கள். செவலையும் பார்க்கட்டும் என்று பக்கத்தில் நிறுத்தி, அதன் முகத்துக்கு நேராகச் சூடத்தட்டைச் சுற்றினீர்கள். பிறகு பலகையின்மேல் பூசணிக்காயை ஓங்கி உடைத்தீர்கள். அது மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. திருஷ்டி கழிந்தது என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். செவலைக்கோ டிரெய்லர் என்றால் அந்த நெருப்பும் அந்தச் சத்தமும்தான்.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அது கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் நீங்கள் தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரை. அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதானே செய்தீர்கள்.

இன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் போனேன். பலகையைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை தேய்த்தேன். செவலை படுக்கும் வைக்கோலையே அள்ளி வந்து அதன்மேல் பரப்பினேன். மருதப்பன் மாமா சூடப்பெட்டியோடு வந்தார். "மாமா, இன்னைக்கு சூடம் வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பி.ஏ. படிச்சா சாமி வேணாம், சரி. குதிரையும் பி.ஏ.வா?" என்று கேட்டார். அஸ்மத் அண்ணன்தான், "சாமிய நாலு நாளா கூப்பிட்டாச்சு. ஒரு நாளைக்கு டீச்சர் சொல்றதக் கேப்போமே லா" என்றார். மாமா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை என் கையில் திணித்தார். "அப்ப நீயே ஏத்து."

நான் இழுக்கவில்லை. வெல்லத்தை வைத்துக்கொண்டு பலகையின்மேல் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். வெகு நேரம் என் முதுகில் மூச்சு மட்டும் பட்டது. பிறகு பலகை அசைந்தது. ஒரு கால். எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. மத்தியானத்துக்குள் நாலு காலும் பலகையில். நாலு மணிக்கு உள்ளே போய்த் தீனி தின்றது. ஆனால் அஸ்மத் அண்ணன் கதவில் கை வைத்ததும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டது. கதவைச் சாத்திப் பழக்க நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. நாளையும் லீவு கேட்டிருக்கிறேன். ஏறிவிடும் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

இன்றே எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். செவலைக்கு முன்னால் இது வந்துவிடும். அங்கே டிரெய்லர் கதவு திறக்கும்போது நீங்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் அப்பா. கோயிலில் எத்தனை சூடம் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். அதன் எதிரே மட்டும் வெறுங்கையோடு நில்லுங்கள்.

இன்னொன்று. என் பட்டமளிப்பன்று மண்டப வாசலுக்குத் தட்டு கொண்டுவந்தீர்கள். கூட நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு நான் பின்வாங்கி உள்ளே போய்விட்டேன். நீங்கள் சூடத்தை விரலால் நசுக்கி அணைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. டிசம்பர் லீவில் நானும் அம்மாவும் ஈப்போ வருகிறோம். ஸ்டேஷனிலேயே எனக்கு ஆரத்தி எடுங்கள். எத்தனை பேர் பார்த்தாலும் நான் நகரமாட்டேன்.

செவலைக்காக வேண்டிக்கொள்ளும்
உங்கள் மகள்,
கண்மணி